கையேட்டின் குளிர்காலப் பக்கம்: சிங்கப்பூரில் சிறிய டிராக்டர் வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லிம் சூ காங், கிராஞ்சி, சுங்கை தெங்கா பக்கத்துப் பண்ணைகளிலும் நர்சரிகளிலும் ஓடும் சிறிய டிராக்டர்களைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. பதினைந்து குதிரைத்திறனிலிருந்து முப்பது வரை இருக்கும். பெரும்பாலும் ஜப்பான் வண்டிகள். புல்வெட்டும் தட்டு, முன்னால் மண் அள்ளும் வாளி, சிலவற்றில் பின்னால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர். எந்த வண்டியின் கையேட்டை எடுத்தாலும் ‘குளிர்காலத்துக்குத் தயார் செய்தல்’ என்று சில பக்கங்கள் இருக்கும். நம் ஆட்கள் அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். அந்தப் பக்கங்களைப் பற்றி என்னிடம் வரும் கேள்விகளும் என் பதில்களும் கீழே.

சிங்கப்பூரில் குளிரே கிடையாது. அந்தப் பக்கத்தை நான் ஏன் படிக்க வேண்டும்?

இங்கே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 19 டிகிரி. 1989 பிப்ரவரி 14 அன்று பாய லேபாரில் பதிவானது. 2018 ஜனவரியில் சில நாள் 21, 22 டிகிரிக்கு இறங்கியபோது எம்ஆர்டி ரயிலில் ஸ்வெட்டர் போட்டவர்களைப் பார்க்க முடிந்தது. டீசல் இன்ஜினுக்கு அதெல்லாம் குளிரே இல்லை.

ஆனால் அந்தப் பக்கம் பேசுவது இரண்டு விஷயங்களை. ஒன்று, உறைபனி. அது நமக்கு வேண்டாம். இன்னொன்று, வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டிக்குள் ஈரம் புகுந்து செய்யும் வேலை. அது முழுக்க முழுக்க நம்முடையது. ஹொக்கைடோவில் பனி பெய்வதால் வண்டி கொட்டகையில் நிற்கிறது. இங்கே டிசம்பர், ஜனவரியில் மண் சேறாகிவிடுவதால் நிற்கிறது. நிற்கும் காரணம்தான் வேறு. சொல்லப்போனால் நம் நிலைமைதான் மோசம். பனிப் பிரதேசக் காற்று வறண்டது, இங்கே ஆண்டு முழுக்கக் காற்றின் ஈரப்பதம் சராசரியாக எண்பது விழுக்காட்டுக்கு மேல்.

எப்போது தொடங்க வேண்டும்?

வடகிழக்குப் பருவக்காற்று டிசம்பரில் தொடங்கி மார்ச் ஆரம்பம் வரை இருக்கும். முதல் பாதி நனைந்த பாதி, பிப்ரவரியிலிருந்து காய்ந்த பாதி. அதற்கு முன்னாலேயே அக்டோபர், நவம்பரில் மத்தியான இடிமழை வந்துவிடும். என் கணக்கு எளிது. தேக்காவில் தீபாவளி விளக்கு போட்டதும் ஃபில்டர், கூலண்ட், பேட்டரி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் முறுக்கு தீர்வதற்குள் வேலையை முடித்துவிடுங்கள்.

டீசல் டேங்கில் தண்ணீர் எப்படி வருகிறது? மூடி இறுக்கமாகத்தானே இருக்கிறது?

எல்லாவற்றிலும் இதுதான் பெரிய கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டேங்க் மூச்சு விடும். பகல் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியே போகும். சாயங்காலம் மழை பெய்து தகடு குளிர்ந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரம் உள்சுவரில் வியர்த்து, துளியாகிக் கீழே இறங்கும். தண்ணீர் டீசலைவிடக் கனம் என்பதால் டேங்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கால் டேங்க் டீசலோடு நிறுத்தினால் முக்கால் டேங்க் காற்று இந்த வேலையைத் தினமும் செய்யும். நிரப்பி நிறுத்தினால் காற்றுக்கு இடமில்லை. குளிர்காலப் பக்கத்தில் ‘டேங்கை நிரப்பி வைக்கவும்’ என்று இருப்பதற்குக் காரணம் இதுவே. இங்கேயும் அதை அப்படியே செய்யுங்கள்.

இரண்டாவது வழி, டிரம். பல இடங்களில் டீசல் டிரம் வெளியே நிமிர்ந்து நிற்கும். மேல் மூடியைச் சுற்றி மழைநீர் தேங்கும். டிரம் குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, மூடியின் திருகு வழியாக அந்தத் தண்ணீரையே உறிஞ்சிவிடும். மூடி இறுக்கமாக இருப்பதுபோல்தான் தெரியும். டிரம்மைக் கூரைக்குக் கீழ் வையுங்கள், முடியாவிட்டால் மூடிகள் இரண்டும் கிடைமட்டமாக வரும்படி படுக்கவையுங்கள். நிற்கத்தான் வேண்டுமென்றால் அடியில் ஒரு பக்கம் கட்டை வைத்துச் சாய்த்து, மூடிப் பக்கம் தண்ணீர் தேங்காமல் பாருங்கள்.

தண்ணீர் மட்டும் இருந்தால்கூடப் பரவாயில்லை. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். வெதுவெதுப்பு அவற்றுக்கு மிகவும் பிடிக்கும். ஃபில்டரைக் கழற்றினால் கஞ்சியில் ஊறிய துணிபோல வழவழவென்று கருப்பாக வரும், புளித்த வாடை அடிக்கும். சில வருடங்களுக்கு முன் ஒரு நர்சரியிலிருந்து போன் வந்தது. “அண்ணே, வண்டி ஸ்டார்ட் ஆகுது, அஞ்சு நிமிஷத்துல நிக்குது. ஃபில்டர் மாத்தியாச்சு, மறுபடியும் அதேதான்.” போய்ப் பார்த்தால் ஃபில்டரில் குற்றமே இல்லை. டேங்கின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு அந்தக் கறுப்புக் கஞ்சி. ஃபில்டரை எத்தனை முறை மாற்றினாலும் டேங்க் அதை மறுபடி நிரப்பிக்கொண்டே இருந்தது. டேங்கைக் கழற்றிக் கழுவி, குழாய்களை ஊதி, பூஞ்சையைக் கொல்லும் பயோசைட் மருந்து கலந்த புது டீசல் ஊற்றியபின்தான் தீர்ந்தது. ஒரு நாள் முழுக்கப் போனது. வாரம் ஒரு தடவை இரண்டு நிமிடம் செலவழித்திருந்தால் தேவைப்பட்டிருக்காது.

அந்த இரண்டு நிமிட வேலை எது என்றால், தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தைப் பார்ப்பது. ஃபில்டருக்குப் பக்கத்தில் கண்ணாடிபோல் தெரியும். சில வண்டிகளில் உள்ளே ஒரு சிவப்பு வளையம் இருக்கும். தண்ணீர் சேர்ந்தால் அது மிதந்து மேலே வரும். வளையம் எழும்பியிருந்தால் குழாயை மூடிவிட்டு, கிண்ணத்தைக் கழற்றி, கொட்டித் துடைத்துப் போட வேண்டும். காலையில் வண்டியைக் கிளப்பும் முன்பே பாருங்கள். ஓடியபின் தண்ணீர் கலங்கியிருக்கும், சரியாகத் தெரியாது.

குளிரில் டீசல் உறைந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

மார்கழியில் ஊரில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டில் வெள்ளையாகக் கட்டியாவதைப் பார்த்திருப்பீர்கள். டீசலிலும் மெழுகு உண்டு. குளிர் ஏற ஏற அது முதலில் பனிமூட்டம்போல் கலங்கும், அப்புறம் சின்னப் படிகங்களாகி ஃபில்டரின் கண்களை அடைக்கும். டீசல் முழுக்கக் கட்டியாக வேண்டியதே இல்லை, ஃபில்டர் அடைந்தாலே இன்ஜின் நின்றுவிடும்.

அதனால்தான் குளிர் நாடுகளில் பருவத்துக்குத் தக்க டீசல் விற்கிறார்கள். ஜப்பானில் ஐந்து தரம் உண்டு. ஹொக்கைடோவில் குளிர்காலத்துக்கு 3ஆம் எண் டீசல், மைனஸ் 20 வரை கட்டியாகாமல் இருக்க வேண்டும் என்பது கணக்கு, ஃபில்டர் அதற்கு முன்பே அடைந்துவிடலாம். அதைவிடக் குளிரான இடங்களுக்குச் சிறப்பு 3ஆம் எண், மைனஸ் 30. இங்கே விற்கும் டீசலைக் குளிரை நினைத்துத் தயாரிப்பதில்லை. பனை எண்ணெயிலிருந்து வரும் பயோடீசல் இன்னும் மோசம். பத்து, பதினைந்து டிகிரியிலேயே கலங்கத் தொடங்கும். தண்ணீரையும் அதிகம் இழுத்துக்கொள்ளும். அதனால், இங்கே வாங்கிய வண்டியைக் குளிர் நாட்டுக்குக் கப்பலில் அனுப்புவதாக இருந்தால் டேங்கில் நம் ஊர் டீசலை விட்டு அனுப்பாதீர்கள்.

ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் போதாதா? இங்கே எதுவும் உறையாதே.

இந்தக் கேள்வியை வாரம் ஒருவராவது கேட்கிறார். கூலண்ட் என்றாலே உறையாமல் இருப்பதற்கு என்று மட்டும் நினைக்கிறார்கள். அது அதன் ஒரு வேலைதான். மற்ற இரண்டு: கொதிநிலையை ஏற்றுவது, துருப்பிடிக்காமல் காப்பது. பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் சாதாரண அழுத்தத்திலேயே ஏறக்குறைய 107 டிகிரியில்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தமும் சேர்ந்தால் இன்னும் மேலே போகும். மத்தியானம் ஒரு மணி வெயிலில், புல் தூசி அடைத்த ரேடியேட்டரோடு மேடேறும் வண்டிக்கு தண்ணீரைவிடக் கூடுதலான அந்த ஏழு டிகிரி பெரிய விஷயம்.

துரு அதைவிட முக்கியம். குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டிய ஒரு வண்டியின் வாட்டர் பம்பைக் கழற்றினேன். இறக்கை பாதி கரைந்து போயிருந்தது. ரேடியேட்டரிலிருந்து வந்தது மஞ்சள் கலந்த செம்மண் குழம்பு.

சரி, அப்படியானால் தண்ணீரே கலக்காமல் கூலண்டை மட்டும் ஊற்றினால் இன்னும் நல்லதுதானே? இல்லை. இதை நானே செய்து பட்டிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், விலை கூடிய சரக்கு, நிறைய ஊற்றினால் நிறைய பலன் என்று நினைத்து நாலு லிட்டர் அப்படியே ஊற்றினேன். வண்டி முன்பைவிடச் சூடேறியது. கூலண்டில் இருக்கும் கிளைக்கால் தண்ணீரைப்போல வெப்பத்தைச் சுமக்காது என்பது எனக்கு அப்போது தெரியாது. இன்னொரு வேடிக்கை, சுத்தமான எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். பாதித் தண்ணீர் சேர்த்தால்தான் மைனஸ் 37 வரை தாங்கும். அதனால் பனி நாட்டிலும் சரி, பண்ணையிலும் சரி, பாதிக்குப் பாதிதான் பொதுவான கலவை. கலக்கும் தண்ணீர் காய்ச்சி வடித்ததாக இருக்கட்டும். ‘அப்படியே ஊற்றலாம்’ என்று கேனிலேயே எழுதியிருந்தால் அதில் ஏற்கெனவே கலந்துவிட்டார்கள், மறுபடி தண்ணீர் சேர்க்காதீர்கள்.

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை என்றால் ஒரு வகை, சிவப்பு என்றால் ஒரு வகை என்று எல்லா நிறுவனமும் ஒத்துக்கொண்டதில்லை. கையேட்டில் என்ன வகை என்று இருக்கிறதோ அதை வாங்குங்கள். அப்புறம் ஒன்று: கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். பண்ணை நாய்கள் நக்கிவிடும். சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள்.

என்ன ஆயில் ஊற்றுவது?

இங்கே 15டபிள்யூ-40. அவ்வளவுதான். ‘டபிள்யூ’ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து, அதற்கு முன்னால் உள்ள எண் சிறியதாக இருந்தால் கடுங்குளிரிலும் ஆயில் இளகியிருக்கும். 15 என்றால் மைனஸ் 20 டிகிரியிலும், 5 என்றால் மைனஸ் 30 டிகிரியிலும் வைத்து இன்ஜின் சுழலுமா என்று சோதிக்கிறார்கள். இங்கே 5டபிள்யூ வாங்குவது வீண் செலவு.

மழைக்காலத்துக்கு முன் ஆயிலை மாற்றிவிட்டு நிறுத்துங்கள், பிறகு அல்ல. பழைய ஆயிலில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும். அதோடு இரண்டு மாதம் நின்றால் பேரிங்கைத் தின்னும். ஆயில் மூடியைத் திறந்ததும் உள்ளே வெள்ளையாக மயோனீஸ் மாதிரி ஒட்டியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும், சூடாவதற்குள் அணைத்து அணைத்து ஓட்டியதன் பலன் அது. அடிக்கடி வந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இங்கே குளிர் இல்லையே, பேட்டரி ஏன் இரண்டு வருடத்தில் செத்துப்போகிறது?

குளிர் பேட்டரியைத் திணறடிக்கும், வெயில் அதைக் கொல்லும். பூஜ்ஜியம் டிகிரியில் ஒரு நல்ல பேட்டரி தரும் ஸ்டார்ட்டிங் சக்தி ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். மைனஸ் 18 டிகிரியில் நாற்பது விழுக்காடு. அதே நேரத்தில் ஆயில் கெட்டியாகி, செல்ஃப் மோட்டாருக்கு வேலை கூடிவிடும். அதனால் பனி நாட்டில் பேட்டரி சாகும் நாள் எல்லோர் கண்ணிலும் படும். இங்கே அது சத்தமில்லாமல் சாகும். பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. இன்ஜின் மூடிக்குள் இருக்கும் சூட்டைச் சொல்லவே வேண்டாம்.

மல்டிமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி நின்று சில மணி நேரம் ஆனபின் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழுசாக நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால் பங்குதான், உடனே சார்ஜ் போடுங்கள். பாதிக்குக் கீழே விட்டு வாரக்கணக்கில் நிறுத்தினால் தகடுகளில் சல்பேட் படிந்துவிடும், அப்புறம் என்ன சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது. மூடி திறக்கும் வகையென்றால் தகடு மூழ்கும் அளவுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர். ஆசிட் ஊற்றாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் சோடா உப்பு கரைத்த தண்ணீர் ஊற்றித் தேய்த்து, காய்ந்ததும் வாசலின் தடவுங்கள்.

ஸ்டார்ட் ஆகாவிட்டால் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கலாமா?

கிளப்பும் முன் இன்ஜினுக்குள் சூடேற்றும் குளோ பிளக் உள்ள வண்டியில் கூடவே கூடாது. ஸ்ப்ரேயில் இருப்பது ஈதர். பழுத்துச் சிவந்த குளோ பிளக்கில் பட்டால் நேரம் தப்பி வெடிக்கும். பிஸ்டன் உடையும், ரிங் நொறுங்கும், மேனிஃபோல்டில் தீப்பிடிக்கும். நம் சூட்டில் ஆரோக்கியமான டீசல் இன்ஜினுக்கு ஸ்ப்ரே தேவைப்படவே கூடாது. தேவைப்படுகிறது என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. பேட்டரியைப் பாருங்கள், டீசல் வருகிறதா பாருங்கள், ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள்.

தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினால் போதுமா?

போதாது, சில நேரம் அதுவே கெடுதல். தரை வரை இழுத்துக் கட்டிய தார்ப்பாய்க்குள் மண்ணிலிருந்து எழும் ஈரம் அடைபட்டு, உள்ளே இட்லிப் பானைபோல் புழுங்கும். மேலே மட்டும் மூடி, பக்கவாட்டில் காற்றுப் போக இடம் விடுங்கள். கூரை இருந்தால் தார்ப்பாயே வேண்டாம். புகைபோக்கி வாயில் மட்டும் ஒரு டின்னைக் கவிழ்த்து வையுங்கள். அதில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவிட்டால் ஸ்டார்ட் செய்யும்போது மறக்க மாட்டீர்கள்.

ஆனால் சிங்கப்பூரில் இதைவிடப் பெரிய தலைவலி கொசு. தார்ப்பாய் மடிப்பு, வாளியின் குழி, பழைய டயர், புல்வெட்டும் தட்டின் மேற்பள்ளம், எங்கே ஒரு குவளைத் தண்ணீர் நின்றாலும் ஏடிஸ் முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் புழு கொசுவாகிப் பறந்துவிடும். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் ஆட்கள் சோதனைக்கு வந்து டார்ச் அடித்துப் பார்க்கும்போது, “மழை பெஞ்சுச்சு சார்” என்று சொல்லித் தப்ப முடியாது. அபராதம் உண்டு. குளிர்காலக் கையேட்டில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது, அவர்கள் ஊரில் அது பனிக்கட்டியாக இருக்கும்.

வாளியைக் கவிழ்த்து, அதன் வாய் தரையில் படும்படி இறக்கி வையுங்கள். தூக்கி நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். தண்ணீர் தேங்குவது ஒரு பக்கம், ஹைட்ராலிக் கசிந்து வாளி இறங்கினால் கீழே இருப்பவரின் கால் போய்விடும்.

புல்வெட்டும் தட்டைத் தண்ணீர் அடித்துக் கழுவலாமா?

கழுவலாம், ஆனால் கழுவியபின் காய வைக்க வேண்டும். அடியில் ஒட்டிய ஈரப்புல் புளித்து அமிலமாகித் தகட்டை அரிக்கும். முதலில் மரக்கட்டையால் சுரண்டி எடுங்கள், அப்புறம் மெல்லிய தண்ணீர். பிரஷர் வாஷரைப் பேரிங், கிரீஸ் சீல், மின்சார இணைப்பு பக்கம் காட்டாதீர்கள். சீலைத் தாண்டித் தண்ணீர் போனால் திரும்பி வராது. கழுவிவிட்டுப் பிளேடை ஐந்து நிமிடம் சுழலவிட்டால் பெல்ட்டும் காயும். தட்டுக்கு அடியில் கை விடும் முன் இன்ஜினை அணைத்துச் சாவியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கிரீஸ்?

கழுவியபின், முன்பல்ல. ஒவ்வொரு நிப்பிளிலும் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை அடியுங்கள், உள்ளே இருக்கும் தண்ணீரும் அதோடு வரும். ரோட்டவேட்டர் போன்றவற்றைச் சுழற்றும் பிடிஓ தண்டின் பல்லை மறந்துவிடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்து ரோட்டவேட்டரைக் கழற்றப் போனால் சுத்தியல் தேவைப்படும்.

எலி, எறும்பு?

பனி நாட்டில் எலி கதகதப்புக்காக வரும், இங்கே மழைக்கு ஒதுங்க வரும். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் கூடு கட்டும், வயரைக் கடிக்கும். எறும்பு ரிலேக்குள் புகுந்து முனைகளுக்கு இடையே நசுங்கிச் செத்து மின்சாரத்தை மறிக்கும். ‘கிளிக்’ சத்தமே வராத ஒரு ஸ்டார்ட்டர் ரிலேயைத் திறந்து ஒரு ஸ்பூன் எறும்பைக் கொட்டியிருக்கிறேன். லிம் சூ காங்கில் ஒருமுறை இன்ஜின் மூடியைத் தூக்கினால் மலைப்பாம்பு. எலியைத் தேடி வந்திருக்கும். அன்றைக்கு நான் சாப்பாட்டுக்குப் போய்விட்டேன்.

மழையில் வேலை செய்யலாமா?

இடி கேட்டால் இறங்கிவிடுங்கள். திறந்த புல்வெளியில் உயரமான ஒரே பொருள் நீங்களும் வண்டியும்தான். மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

மழை விட்டபின்பும் சரிவில் கவனம். புல்வெளிக்கான வழவழப்பான டயர் ஈரப்புல்லில் சறுக்கும். சரிவில் குறுக்கே ஓட்டாமல் நேராக ஏறி நேராக இறங்குங்கள், வாளி தாழ்வாக இருக்கட்டும். தலைக்கு மேல் பாதுகாப்பு வளைவு நிமிர்ந்திருந்தால் பெல்ட் கட்டாயம் போட வேண்டும். வளைவை மடக்கியிருந்தால் பெல்ட் போடக்கூடாது, வண்டி கவிழ்ந்தால் அதற்கு அடியில் உங்களைக் கட்டிப் போட்டதாகிவிடும். கிளை இடிக்கிறது என்று மடக்கிவிட்டு நிமிர்த்த மறப்பவர்கள்தான் அதிகம்.

என் மகன் கான்பெரா பக்கம் ஐந்து ஏக்கர் வாங்கியிருக்கிறான். அங்கே வண்டிக்கு என்ன செய்ய வேண்டும்?

முதலில் நாள்காட்டியைத் திருப்பிக்கொள்ளுங்கள். அங்கே குளிர் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை. இரவில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போவது சாதாரணம். ஏப்ரல், மே மாதத்திலேயே தயாராக வேண்டும்.

கூலண்ட் பாதிக்குப் பாதி, கண்ணால் மதிப்பிடாமல் கலவையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய ஒன்பது விழுக்காடு பெருக்கும், இரும்பு பிளாக் வெடித்தால் வண்டியின் விலையில் பாதி போச்சு. டீசலை அங்கேயே, அந்தப் பருவத்திலேயே வாங்கட்டும். பனிமலைப் பக்கத்துப் பெட்ரோல் பங்க்குகளில் ‘அல்பைன் டீசல்’ என்று தனியாகக் கிடைக்கும். கோடையில் வாங்கிய டீசல் கேனில் மிஞ்சியிருந்தால் குளிர் வருவதற்குள் தீர்த்துவிட வேண்டும். ஆயில் 10டபிள்யூ அல்லது 5டபிள்யூ, கையேட்டில் உள்ளபடி.

பின் டயரில் எடைக்காகத் தண்ணீர் அடைப்பது இங்கே சாதாரணம், அங்கே அது ஆகாது. உறையாத கலவை வேண்டும், கால்சியம் குளோரைடு கரைசல் பழைய முறை, ஆனால் ரிம்மை அரிக்கும். காற்று அழுத்தத்தையும் குளிர் காலையில் பார்க்கட்டும். குளிர் கூடினால் அழுத்தம் குறையும்.

காலையில் குளோ பிளக்கைக் கையேடு சொல்லும் நேரம் முழுக்கப் பிடிக்க வேண்டும். கிளம்பியதும் ஐந்து, பத்து நிமிடம் குறைந்த வேகத்தில் விட்டு, ஹைட்ராலிக் ஆயில் இளகியபின் வாளியைத் தூக்கட்டும். கதவு மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிடவே கூடாது. குளிருக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு வண்டியைச் சூடாக்கி, புகையில் உயிர் விட்டவர்கள் உண்டு.

ஊட்டியில் எங்கள் காய்கறித் தோட்டத்துக்கும் இதெல்லாம் வேண்டுமா?

ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் புல் வெள்ளையாகும், பள்ளத்தாக்கில் பூஜ்ஜியத்தையும் தொடும். மூன்றில் ஒரு பங்கு கூலண்டே போதும், மைனஸ் 15 வரை தாங்கும். வெறும் தண்ணீரோடு விடாதீர்கள். பேட்டரி நன்றாக இருக்கட்டும். வேறு பெரிதாக எதுவும் இல்லை.

வடித்த பழைய ஆயில், கூலண்ட், அழுக்கு டீசலை எங்கே கொட்டுவது?

வடிகாலில் கொட்டவே கூடாது. கிராஞ்சிப் பக்கத்து வடிகால்கள் கிராஞ்சி நீர்த்தேக்கத்துக்குப் போகின்றன, அது நாம் குடிக்கும் தண்ணீர். தனித்தனிக் கேனில் மூடி வைத்து, பெயர் எழுதி, உரிமம் பெற்ற கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். மூன்றையும் ஒரே கேனில் கலந்துவிட்டால் எடுத்துக்கொள்ள யோசிப்பார்கள்.

மழைக்காலத்தில் நிறுத்தி வைத்த வண்டியைத் தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்யட்டுமா?

வேண்டாம். இன்ஜின் சூடாவதற்குள் அணைத்தால் எரிந்த புகையில் உள்ள நீராவி ஆயிலில் தங்கிவிடும், செல்ஃப் எடுத்த மின்சாரமும் பேட்டரிக்குத் திரும்பாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மழை இல்லாத காலையில், அரை மணி நேரம் ஓட்டுங்கள். முன்னும் பின்னும் நகர்த்துங்கள், கிளட்சை அமுக்கி விடுங்கள், வாளியை ஏற்றி இறக்குங்கள், பிடிஓவைப் போட்டு எடுங்கள். அது முடியாது என்றால் தொடவே தொடாதீர்கள், பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு நிற்கவிடுங்கள்.

பொங்கலுக்கு ஒரு மாதம் ஊருக்குப் போகிறேன். வண்டியை யாரிடம் ஒப்படைப்பது?

யாரிடம் கொடுத்தாலும் ஸ்டியரிங்கில் ஒரு அட்டை கட்டிவிட்டுப் போங்கள். அதில் நாலு விஷயம் தமிழிலும், உங்களோடு வேலை செய்பவர்கள் வங்காளிகளோ பர்மியர்களோ என்றால் அவர்கள் மொழியிலும் இருக்கட்டும்: பேட்டரி வயர் கழற்றியிருக்கிறது, புகைபோக்கியில் டின் இருக்கிறது, டீசல் குழாய் மூடியிருக்கிறது, வாரம் ஒருமுறை வாளியிலும் தார்ப்பாயிலும் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்கவும். போன பொங்கலுக்கு ஒருவர் அட்டை எழுதாமல் போனார். டின்னை எடுக்காமல் ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். டின் பக்கத்து ஆர்க்கிட் கொட்டகையின் வலையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய் விழுந்தது. வலைக்கான பில்லோடுதான் அவரை ஏர்போர்ட்டில் வரவேற்றார்கள்.